பவளம் கொண்டுவந்த இரண்டு பாட்டில்

ஜூன் 3, செவ்வாய்

தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய காப்பித்தூள் சரியில்லை. வெந்நீரில் மண்ணைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கிறது. கடைக்குப் போய்ச் சொன்னேன். "அதே மில்லு, அதே தூள்தான்க்கா" என்கிறார். வேறு கடையில் கால் கிலோ வாங்கினேன். அதுவும் அப்படியே. இந்த ஊரில் எதிலும் கலப்படம் வந்துவிட்டது.

காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அடைப்பு.

ரெஸ்டாரன்ட்டில் அடுத்த மாதம் புது மெனு. திருமதி கோ, முதலாளியம்மா, வெள்ளை ஒயின் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார். எந்த ஒயின் வாங்குவது, எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. புதுச்சேரியில் அப்பாவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்ளும் வேலை. தெரிந்தபோது அடித்துக்கொள்ளவும் செய்தார்.

தோழி பவளக்கொடியிடமிருந்து மெசேஜ். பதினாலாம் தேதி சிங்கப்பூர் வருகிறாளாம். "என் ஒயின் ரெண்டு பாட்டில் கொண்டு வர்றேன். நீ குடிச்சுட்டுச் சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாள்.

சந்தோஷமான விஷயம்தான். ஏனோ பதில் எழுத மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

காலையில் வீட்டுக்காரர் செல்வின் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு சிங்க்கில் துப்பினார். "பால் திரிஞ்சிருக்கு ஜெசி." நான் அதே காப்பியைப் பாதி குடித்திருந்தேன். ஃபிரிட்ஜ்தான் காரணம் என்று சொன்னேன். அவர் கப்பைக் கழுவி வைத்துவிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பினார். கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

ஃபிரிட்ஜ் பார்க்க ஆள் வந்தார். கதவைத் திறந்து மூடினார், பின்னால் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கோளாறில்லை என்றார். இவர்களுக்கும் வேலை தெரிவதில்லை.

ஜூன் 7, சனி

இன்று சப்ளையர் ஆறு வெள்ளை ஒயின் கொண்டுவந்தார். நான், திருமதி கோ, செஃப் டான் மூவரும் உட்கார்ந்தோம். நான் நன்றாகவே பேசினேன். இது பச்சை ஆப்பிள், இது வெண்ணெய், இது வெட்டிய புல் என்று. எந்த ஊர், எந்த வருஷம், மரப்பீப்பாயா இல்லையா என்று தெரிந்தால் பாதி சொல்லிவிடலாம். இத்தனை வருஷ அனுபவம் எதற்கு இருக்கிறது?

நாலாவது ஒயினுக்கு மட்டும் சப்ளையர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு "ம்ம், அப்படியும் சொல்லலாம்" என்றார். அவருக்கு மரியாதை தெரியும்.

வீட்டுக்கு வந்து பாத்ரூம் முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். அழுக்காக ஒன்றும் இல்லை. சும்மா உட்கார முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மீன் குழம்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

நான் அடுப்பு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 11, புதன்

டாக்டரிடம் போனேன். சின்ன டார்ச் வைத்து மூக்கைப் பார்த்தார். ஏதேதோ சீசாவைத் திறந்து காட்டினார். கொஞ்ச நேரம் பேசினார். நல்ல மனிதர், அவசரப்படவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன். அடுத்ததையும் தாண்டின பிறகுதான் பஸ் ஏற வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். நாலு தைலமும் வாங்கியாயிற்று. காலையும் மாலையும் முகர வேண்டும். செல்வின் கேட்டால் கொசுவுக்கு என்று சொல்லலாம்.

கேட்டார். சொன்னேன்.

ஜூன் 14, சனி

பவளம் வந்துவிட்டாள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தாள் பாருங்கள், எலும்பு நொறுங்கிவிட்டது. திராட்சைத் தோட்டத்தில் ஏறி இறங்கி முரடாகியிருக்கிறாள். கையைத் தொட்டால் உப்புத்தாள்.

நானும் அவளும் சென்னையில் கேட்டரிங் படித்தபோது ஒரே ஹாஸ்டல் அறை. அருப்புக்கோட்டைக்காரி. கப்பலில் வேலைக்குப் போனாள், கேப் டவுனில் இறங்கினாள், அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது வடக்கே ஒரு சின்னத் தோட்டத்தில் ஒயின் செய்கிறவள் அவள்தான். ஆள் வைத்துச் செய்கிற பெரிய கம்பெனி இல்லை. நசுக்குவது, வடிப்பது, பீப்பாய் கழுவுவது எல்லாம் அவளும் இன்னும் இரண்டு பெண்களும்.

எங்கள் வீட்டில் தங்கச் சொல்லவில்லை. பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு ஓட்டலில் அறை போட்டிருக்கிறாள். ஆனால் பாட்டிலை எங்கள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"எங்கடி பெயின்ட் வாசனையே காணோம்?"

"நேத்தோட முடிஞ்சுது."

"நேத்து அடிச்சா இன்னைக்கு வாசம் இருக்காதா?"

"அது... புது மாதிரிப் பெயின்ட். வாசனை வராது."

சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "வீட்டுக்காரர்கூடச் சண்டையா? சரி சரி, நான் கேக்கல."

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். அவள் தோட்டத்தில் ஒரு சரிவில் மட்டும் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகள், ஊன்றி எழுபது வருஷத்துக்கு மேலாகிறதாம். பந்தல் இல்லை, கம்பி இல்லை, சொட்டுநீர் இல்லை. ஒவ்வொன்றும் இடுப்பளவு குத்துச்செடி மாதிரி தனித்தனியாக நிற்குமாம். காய்ப்பு ரொம்பக் குறைவு. ஒரு செடியில் கை நிறையக் கிடைத்தால் அதிகம். தோட்டத்துச் சொந்தக்காரரான பெரியவர் இருந்தவரை அதைத் தொடவிடவில்லை. இப்போது மகன் பொறுப்பெடுத்திருக்கிறான். ஆகஸ்டில் பிடுங்கிவிட்டு ஆரஞ்சு வைக்கப்போகிறானாம்.

"அவன்மேல தப்பில்லடி. நஷ்டத்துக்கு எவ்வளவு நாள் தோட்டம் வச்சிருப்பான்? 'வெளிநாட்டுல யாராவது இதைக் கேட்டு வாங்குறாங்கன்னு காட்டு, யோசிக்கிறேன்'னு சொல்லிட்டான். அதான் கிளம்பி வந்தேன்."

"நான் எங்க மேடம்கிட்ட சொல்றேன்."

"நீ மொதல்ல குடி. நல்லா இருந்தா அவங்ககிட்ட சொல்லு. நல்லா இல்லைன்னா என்கிட்ட சொல்லு. அங்க எல்லாரும் என் மூஞ்சிக்காக நல்லா இருக்குங்கிறாங்க. உன் மூக்கை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

எழுந்துபோய் மீன் வறுவலைத் திருப்பிப்போட்டேன். ஏற்கெனவே திருப்பிப்போட்டதுதான்.

பறந்து வந்த ஒயின் இரண்டு நாள் படுத்துக் கிடக்கட்டும் என்று திங்கள்கிழமை திறப்பதாக முடிவு. அன்று எனக்கு விடுமுறை.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது. அதுவாவது எரித்தது.

ஜூன் 16, திங்கள்

மத்தியானம் மூன்று மணிக்குப் பவளம் வந்தாள். பட்டுப்புடவை இல்லையே தவிர பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள். நான் நல்ல கிளாஸ் இரண்டு எடுத்து வைத்தேன். பாட்டிலை அவளே திறந்தாள். இரண்டு கிளாஸிலும் ஊற்றிவிட்டுத் தன்னுடையதைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளாஸைச் சாய்த்து நிறம் பார்த்தேன். வெளிர் பொன். சுழற்றினேன். மூக்கை உள்ளே விட்டேன். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினேன். செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

"தேன் வருது. எலுமிச்சம்பூ. பின்னாடி கொஞ்சம் பேரிக்காய்" என்றேன். "அருமையா இருக்குடி பவளம்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே தன் கிளாஸை எடுத்துக் குடித்தாள்.

அந்த மலர்ச்சி அப்படியே நின்றது. வாயிலிருந்ததை விழுங்காமல் என்னைப் பார்த்தாள். போய் சிங்க்கில் துப்பிவிட்டு வந்தாள்.

"இன்னொரு வாய் குடி."

குடித்தேன். "காத்து பட்டதும் இன்னும் நல்லா இருக்கு" என்றேன்.

"ஜெசி, கார்க் கெட்டுப்போயிருக்கு. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது. தெருவுல போறவனைக் கூப்பிட்டுக் குடுத்தாலும் சொல்லுவான். உனக்குத் தேன் வருதா?"

"லேசா இருந்துச்சு. நீ சங்கடப்படுவியேன்னுதான்..."

"சங்கடமா? தோட்டமே போகப்போகுதுங்கிறேன். உங்கிட்டயும் எனக்கு முகஸ்துதிதானா? இதே மாதிரிதான் உங்க மேடம்கிட்டயும் தேனு, பூவுன்னு சொல்லி விக்கப்போறியா? குடிக்கிறவன் என்னைத்தானே காறித் துப்புவான்?"

அப்போது சொல்லியிருக்கலாம். "ஏன் கத்துற?" என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லிஃப்ட் வரும்வரைகூட நிற்கவில்லை. படியில் இறங்கிப் போனாள்.

இன்னொரு பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

அவளுக்கு எப்போதும் கோபம் அதிகம். படிக்கும்போதும் அப்படித்தான்.

ஜூன் 17, செவ்வாய்

பவளம் போன் எடுக்கவில்லை. மெசேஜ் பார்த்திருக்கிறாள், பதிலில்லை.

திருமதி கோ கேட்டார்: "உன் தோழியின் ஒயின் எப்படி?" வாய் தானாக "நன்றாக இருக்கிறது" என்றது. "அப்படியென்றால் வெள்ளிக்கிழமை கொண்டு வா. மெனுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. நீ சொன்னால் சரி" என்றார்.

நீ சொன்னால் சரி.

பரிமாறும்போது ஒரு கிளாஸை உடைத்தேன். சேமிப்பறையில் போய்ப் நாடுவாரியாக இருந்த பாட்டில்களை வருஷவாரியாக மாற்றினேன். பாதியில் பழையபடியே அடுக்கினேன்.

ஜூன் 18, புதன்

எனக்கு மணம் தெரியவில்லை.

எழுதிவிட்டேன். காய்ச்சல் வந்த நாளிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. காப்பி, பால், கருகின குழம்பு, செல்வின் சட்டை, மழை, ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது இதுதான்: திரும்பி வரலாம், பல மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். ஒயினைத் தவிர வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

காலையில் பவளம் தங்கியிருக்கும் ஓட்டலுக்குப் போனேன். கீழே இட்லிக் கடையில் உட்கார்ந்து ஊத்தப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் தட்டிலிருந்த சட்னியைக் காட்டி, "இது என்ன சட்னின்னு எனக்குத் தெரியல பவளம்" என்றேன்.

"மல்லிச் சட்னி. பச்சையா இருக்கே, கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியுது. வாசனை தெரியல. எதுவுமே தெரியல. திங்கக்கிழமை எனக்கு அது தண்ணிதான். புளிச்ச தண்ணி."

பவளம் ஊத்தப்பத்தை அப்படியே வைத்துவிட்டாள். அப்புறம் எச்சில் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எப்பருந்து?"

சொன்னேன்.

"செல்வினுக்கு?"

"தெரியாது."

"உங்க மேடத்துக்கு?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"லூசு" என்றாள். "லூசு, லூசு. நான் என்னமோ நீ பெரிய ஆளாயிட்ட, என் ஒயினை மதிக்கலன்னு ரெண்டு நாளா அழுதுட்டிருக்கேன்." அவள் கண்ணில் தண்ணீர். கை கழுவப் போனாள். திரும்பி வந்து, "எந்திரி. உன் வீட்டுக்குப் போவோம். இன்னொரு பாட்டில் இருக்குல்ல?" என்றாள்.

"அது வெள்ளிக்கிழமைக்கு வேணும். வேற இல்லையே."

"பாதி மிச்சம் வைப்போம். நல்ல ஒயின்னா ரெண்டு நாள் தாங்கும். தாங்கலைன்னா அதை விக்கவே வேண்டாம்."

வீட்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். ஜன்னலில் நல்ல வெயில். அவள் முதலில் திறந்து தானே முகர்ந்து பார்த்தாள். தோள் தளர்ந்து இறங்கியது. "இது சரியா இருக்கு" என்றாள். எனக்கு ஊற்றினாள்.

"மூக்குக்குக் கொண்டுபோகாத. நேரா வாயில வை. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்ன இருக்குன்னு நீ சொல்லு. இல்லாததைச் சொன்ன, அறைஞ்சிருவேன்."

குடித்தேன். சில்லென்று இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றேன்.

"சில்லுன்னு இருக்குல்ல? அது ஒண்ணுமில்லையா? விழுங்காம வை."

வைத்தேன். வாயில் இருப்பதை இதுவரை இப்படிக் கவனித்ததில்லை. எப்போதும் மூக்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். நாக்கு பின்னால் ஓடிவருகிற வேலைக்காரி. இன்று அது தனியாக நின்றது. முதலில் புளிப்பு வந்தது. நாக்கின் இரண்டு ஓரத்திலும், தாடை எலும்புக்குக் கீழே சுரீரென்று. பச்சைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த புளிப்பு மாதிரி தட்டையாக இல்லை. அது நகர்ந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. நடுவில் வேறொன்று இருந்தது.

"வழவழன்னு இருக்கு" என்றேன். "கனமா. இளநீர் வழுக்கை இருக்குல்ல, தேங்காயாகுறதுக்கு முன்னாடி, அது நாக்கு மேல படுத்த மாதிரி."

"அப்புறம்?"

"உப்பு. கொஞ்சூண்டு. இப்ப விழுங்கிட்டேன்... தொண்டையில சூடு. இரு. இன்னும் போகல. கசப்பு ஒண்ணு இருக்கு, கடைசில. நார்த்தங்காய்த் தோல் கசப்பு. அது விடமாட்டேங்குது."

"கசப்பா?" பவளம் தன் கிளாஸை எடுத்துக் குடித்தாள். கண்ணை மூடினாள். "ஆமா. இருக்கு. நான் எப்பவும் அந்தப் பழ வாசத்துலயே நின்னுருவேன். இதை நான் பார்த்ததே இல்லையே."

"கெட்டதா?"

"இல்லடி. அதுதான் பிடிச்சு நிறுத்துது."

இன்னொரு வாய் குடித்தேன். இன்னொன்று. வேலைக்காக அல்ல. வாய் ஊறிக்கொண்டே இருந்தது, அது கேட்டது, குடித்தேன். அவளிடம், "உனக்கு என்ன வாசம் வருது? இப்ப சொல்லு" என்றேன். பழுத்த கொய்யா, தேன்மெழுகு, முதல் தூறல் விழுந்த கல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு எதுவும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. அவள் தடுக்கவில்லை, வறுத்த முந்திரியை என் பக்கம் தள்ளினாள்.

அந்தச் சரிவில் காலையில் பனி இறங்குமாம். குளிர்காலத்தில் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டால் கொடிகள் கறுத்த கை மாதிரி தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்குமாம். வேலைக்கு வந்த முதல் வருஷம் அதைப் பார்த்துப் பயந்தாளாம். நான் சிரித்தேன். ஹாஸ்டலில் பல்லிக்குப் பயந்து கட்டில்மேல் நின்றவள்தானே.

பாட்டிலில் பாதியை மூடி உள்ளே வைத்தபோது செல்வின் வேலை முடிந்து வந்தார். மேசையையும் என் முகத்தையும் பார்த்தார். அவரிடமும் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"பால் திரிஞ்ச அன்னைக்கே தெரியும்" என்றார்.

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். தினமும் நீ தூங்கின பிறகு கேஸை ஒரு தடவை பார்த்துட்டுதான் படுப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

திருமதி கோ கணக்கில் கெட்டி, பேச்சிலும் கெட்டி. பாட்டிலை மேசையில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ஏழாம் தேதி நான் பேசியது எல்லாம் ஞாபகத்திலிருந்து சொன்னது என்றும் சொன்னேன். செஃப் டான் தரையைப் பார்த்தார்.

"அந்த ஆறு ஒயினில் மூன்றை நான் ஆர்டர் செய்துவிட்டேன்" என்றார் திருமதி கோ.

"மன்னிக்கணும்."

"நாலாவது ஒயின் எனக்கே சரியாகப் படவில்லை. நீ சொன்னதால் என் நாக்கைச் சந்தேகப்பட்டேன்."

அதுதான் ரொம்ப வலித்தது.

இனி ஒயின் தேர்வு என் கையில் இல்லை. செஃபும் அவரும் பார்த்துக்கொள்வார்கள். நான் மேசை கவனித்துக்கொள்ளலாம், மூக்கு திரும்பினால் பேசுவோம் என்றார். வேலையை விட்டு நீக்கவில்லை. வெளியே போகச் சொல்லுவார் என்று காலையிலேயே லாக்கரைக் காலி செய்து வைத்திருந்தேன்.

பிறகு, "சரி, அந்தப் பாட்டிலை ஊற்று" என்றார். பவளம் வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டோம். செஃப் டான் குடித்தார். உள்ளே போய் ஆவியில் வேகவைத்த கொடுவாய் மீன் ஒரு துண்டு கொண்டுவந்தார். மீனைத் தின்று குடித்தார். மறுபடி தின்று, மறுபடி குடித்தார். "இது எனக்கு வேண்டும்" என்றார்.

திருமதி கோ புது மெனுவுக்கு மட்டும் எடுக்கிறார். அடுத்த வருஷம் பற்றி வாக்குக் கொடுக்கமாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

பவளத்தை வழியனுப்பினேன். செக்-இன் வரிசையில் நின்றபடி, "பிடுங்கினாலும் பிடுங்குவான்டி. நான் சொல்லிப் பார்க்கிறேன்" என்றாள். பெட்டி நிறைய முறுக்கும் அப்பளமும்.

வீட்டுக்கு வந்து மறுபடி பாத்ரூமைக் கழுவினேன். நாலு சீசாவையும் முகர்ந்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

பவளம் போன் செய்தாள்.

சரிவில் கிழக்குப் பாதி நிற்கிறது. மேற்குப் பாதியைப் பிடுங்குகிறார்கள். பெரியவர் மகன் அவ்வளவுக்குத்தான் இறங்கி வந்தானாம். பாதி தப்பியதற்குச் சந்தோஷப்படுவதா, பாதி போவதற்கு அழுவதா என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

ஜூலை 26, சனி

பவளத்தின் ஒயின் வந்து சேர்ந்து முதல் வாரம். இன்று மத்தியானம் ஜன்னலோர மேசையில் ஒரு வயதான தம்பதி. கணவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மெனுவில் விரல் வைத்துக் கேட்டார்.

"இந்தப் பழைய கொடி ஒயின் என்கிறீர்களே, இது எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்."

பின்னால் திருமதி கோ நின்றிருந்தார். எனக்கு அது தெரியும்.

"எனக்கு இப்போது மணம் தெரியாது, சார். காய்ச்சலில் போய்விட்டது" என்றேன். "வாசனையைப் பற்றி செஃபைக் கேட்டுச் சொல்கிறேன். வாயில் எப்படி இருக்கும் என்று மட்டும் நான் சொல்லலாம்."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மனிதர் மெனுவை மூடி வைத்தார். "சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். ஓரத்தில் தொடங்கும் புளிப்பு, நடுவில் படுக்கும் கனம், உப்பு, விடாத அந்தக் கடைசிக் கசப்பு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேசப் பேச எனக்கு வாய் ஊறியது.

இரண்டு கிளாஸ் கேட்டார்கள். ஊற்றினேன். வழக்கமாக ஊற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நகரவில்லை. அந்த அம்மா ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்துக்கொண்டு, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தார். எங்கே புளிக்கிறது என்று தேடுகிறார். பிறகு விழுங்கினார். நான் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, அந்தக் கசப்பு அவருக்கு எப்போது வரும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"ஓ" என்றார், கணவரைப் பார்த்து. "வருகிறது."

ஏழாவது மேசையில் யாரோ கை காட்டினார்கள். போனேன்.